புதிய கருமுட்டைக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. திருமணமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது, இன்னும் கருத்தரிக்கவில்லை. கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ஹார்மோன் குறைவு, கருமுட்டை இருப்பு குறைந்துவிட்டது என்கிறார் டாக்டர். ஆனால் வளர்ந்த பெண்களின் சினைப்பையிலும் ஸ்டெம் செல்கள் (வேறு செல்களை உருவாக்கக்கூடிய மூல செல்கள்) புது முட்டைகளை உருவாக்கும் என்று படித்தேன். அந்தச் சிகிச்சை வரும்வரை காத்திருக்கலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: காத்திருக்காதீர்கள் சகோதரி. நீங்கள் படித்தது கட்டுக்கதை இல்லை. ஆனால் விஞ்ஞானிகளே இருபது வருடங்களாக மோதிக்கொள்ளும் விஷயம் அது.

பெண் குழந்தை பிறக்கும்போதே 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கும். பிறகு குறையுமே தவிர அதிகரிக்காது. 1951-ல் உடற்கூறியல் அறிஞர் சோலி சக்கர்மேன் இதை ஆதாரங்களோடு தொகுத்து எழுதியபின், அரை நூற்றாண்டுக்கு இதுவே பாடம். 2004-ல் பாஸ்டனில் விஞ்ஞானி ஜொனாதன் டில்லியின் குழு சுண்டெலிகளை ஆராய்ந்தது. முட்டைகள் அழியும் வேகத்துக்கு இருப்பு எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும், தீரவில்லை. அப்படியானால் ஸ்டெம் செல்களிலிருந்து புதிதாக உருவாகிறது என்றார்கள். 2009-ல் ஷாங்காயின் ஜி வூ குழு, அத்தகைய செல்களை மலட்டு எலிகளுக்குள் செலுத்தியதில் குட்டிகளே பிறந்ததாக அறிவித்தது. மனிதச் சினைப்பையிலும் அவை இருப்பதாக 2012-ல் டில்லி குழு எழுதியது.

சிக்கல், அந்த செல்களைப் பிரித்தெடுத்த விதத்தில் இருக்கிறது. டிடிஎக்ஸ்4 என்ற புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடியைத் தூண்டிலாகப் போட்டார்கள். அந்தப் புரதமோ செல்லுக்கு உள்ளே இருப்பது. வெளியே போட்ட தூண்டிலில் எப்படிச் சிக்கும் என்று மற்றவர்கள் கேட்டார்கள். 2020-ல் சுவீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் மனிதச் சினைப்பை செல்களை ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார்கள். முட்டை தரும் ஸ்டெம் செல் ஒன்றுகூட இல்லை. அந்த ஆன்டிபாடியில் சிக்கியவை ரத்தக்குழாய்களைச் சுற்றியிருக்கும் செல்கள். என் பார்வையில் இதுதான் கனமான சாட்சியம். டில்லி தரப்பு இதை ஏற்கவில்லை. அவர்கள் சொல்வதே சரி என்று வைத்துக்கொண்டாலும், ஆய்வகத்தில் ஒரு செல்லை முட்டைபோல மாற்றுவது வேறு, உடம்பு அதைத் தானாகச் செய்வது வேறு. மெனோபாஸ் வரத்தானே செய்கிறது?

இதை நம்பிச் சிகிச்சையும் வந்தது. ஓவாசயின்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், அந்த செல்களிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவை (செல்லுக்குச் சக்தி தரும் பகுதி) எடுத்துக் கருமுட்டைக்குள் செலுத்தும் முறையை விற்றது. ஸ்பெயினில் முறையாகச் சோதித்தபோது பலன் தெரியவில்லை. இன்று யாராவது 'ஸ்டெம் செல்லில் புது முட்டை' என்று பணம் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

ஏ.எம்.எச். குறைவு என்றதும் உடைந்துபோகவும் வேண்டாம். அது எண்ணிக்கையைத்தான் காட்டும், முட்டையின் தரத்தை அல்ல. குறைவாக உள்ளவர்களும் இயற்கையாகக் கருத்தரிக்கிறார்கள். ஆனால் 35-ஐத் தாண்டியவர்கள் 6 மாதம் முயன்றும் பலன் இல்லையென்றால் முழுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். இந்த மாதமே குழந்தையின்மை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். அப்புறம், கணவருக்கும் விந்தணுப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பல வீடுகளில் மனைவிக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்த பிறகுதான் அது நடக்கிறது.