லிண்டாவ் படகுக்கு ஸ்விஸ் விசா வேண்டுமா?

கேள்வி: மியூனிக்கில் மகன் வீட்டில் தங்கியிருக்கிறோம். ஒருமுறை மட்டும் நுழையக்கூடிய ஷெங்கன் விசா. லிண்டாவ் தீவு நகரைப் பார்த்துவிட்டு கான்ஸ்டன்ஸ் ஏரியில் படகில் போனால் ஆஸ்திரியா, ஸ்விஸ் கரைகளுக்குத் தனி விசா வேண்டும் என்கிறார் ஏஜென்ட். உண்மையா?

பதில்: பொய். பணம் கொடுத்துவிடாதீர்கள். ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் 2008 டிசம்பரிலிருந்து ஷெங்கனில், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில், இருக்கிறது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் ஏஜென்ட்கள் காசு பார்க்கிறார்கள். எதிர்க்கரையில் இறங்கித் திரும்பினாலும் உங்கள் ‘ஒருமுறை’ கழியாது. அசல் பாஸ்போர்ட் மட்டும் கையில் இருக்கட்டும், ஜெராக்ஸ் செல்லாது.

கழியும் இடம் ஒன்று உண்டு: லண்டன். பிரிட்டன் ஷெங்கனுக்கு வெளியே. நடுவில் அங்கே சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் வரலாமென்று கிளம்பினால், விசாவில் நாற்பது நாள் மிச்சமிருந்தாலும் திரும்ப விடமாட்டார்கள். நாள் கணக்கு வேறு, நுழைவுக் கணக்கு வேறு.

ரயிலுக்கு பயர்ன் டிக்கெட் எடுங்கள்; பவேரியா மாநில வட்டார ரயில்களுக்கான ஒருநாள் சீட்டு அது. ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம். வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். எல்லோர் பெயரும் அதில் இருக்க வேண்டும். சூரிச் போகும் யூரோசிட்டி (EC) விரைவு ரயிலும் லிண்டாவ் வழியாகத்தான் போகிறது, ஆனால் அதில் இந்த டிக்கெட் செல்லாது. ஏறி மாட்டினால் அபராதம் 60 யூரோவிலிருந்து தொடங்கும், தெரியாது என்றால் கேட்கமாட்டார்கள். வட்டார ரயில் மட்டுமே.

இறங்குவதிலும் ஒரு வம்பு. 2020 டிசம்பரில் கரைப்பக்கம் ராய்ட்டின் நிலையத்தைத் திறந்து, ஒரே ஊருக்கு இரண்டு ‘லிண்டாவ்’ ஆக்கிவிட்டார்கள். பெட்டியோடு வரும் வெளியூர்க்காரரைப் பற்றி யார் யோசித்தார்கள்? ‘லிண்டாவ்-இன்சல்’ என்பதுதான் தீவு. ராய்ட்டினில் இறக்கிவிட்டால் அங்கிருந்து வேறு ரயிலில் சில நிமிடம்.

இன்சலில் இறங்கினால் வாசலிலேயே துறைமுகம். 1856இல் முடிந்த 33 மீட்டர் கலங்கரை விளக்கமும் எதிரே 6 மீட்டர் பவேரியச் சிங்கமும் நிற்கும். 1275இல் புனித ரோமப் பேரரசரின் நேரடி ஆட்சிக்குட்பட்ட சுதந்திர நகரமான ஊர் இது. பவேரியாவிடம் வந்தது 1805இல்தான். 15ஆம் நூற்றாண்டுப் பழைய நகரமன்றத்தில் 1496இல் பேரரசு மன்றமே கூடியது. எல்லாம் நடந்தே பார்க்கலாம்.

இரவு தங்குவதாக இருந்தால் நோபல் விஞ்ஞானிகள் கூடும் ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரத்தைத் தவிருங்கள். அறை கிடைப்பது பாடு. ‘லிண்டாவ்’ என்று விளம்பரம் செய்யும் விடுதி தீவில்தான் இருக்கிறதா என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். படகில் ஏறியதும் மொபைல் ரோமிங்கை அணைத்துவிடுங்கள். ஸ்விஸ் டவரைப் பிடித்தால் ஐரோப்பிய ஒன்றியக் கட்டணம் பொருந்தாது.