ரியோ, இகுவாசு அருவி, புவனஸ் அயர்ஸ் என்று தென் அமெரிக்காவுக்குக் குழுச் சுற்றுலா போகலாமா? கொடுக்கும் பணத்துக்கு மதிப்பு உண்டா?

போகலாம், மதிப்பும் உண்டு. ஆனால் கேள்வியோடு நீங்கள் அனுப்பியிருக்கும் அந்தப் பயணப் பட்டியலுக்குப் பணம் கட்டாதீர்கள்.

அறுபதைத் தாண்டிய அப்பா அம்மா, இரண்டு பேரும் சைவம், ரியோ, இகுவாசு, புவனஸ் அயர்ஸ், லிமா, மாச்சு பிச்சு எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் போகவர நாலு நாள் விமானத்திலும் விமான நிலைய நாற்காலியிலுமே கழிந்துவிடும், துபாயிலிருந்து சாவ் பாவ்லோவுக்கே பதினைந்து மணி நேரம் ஆகிறது. மிச்சம் இருக்கும் எட்டு நாளில் மூன்று நாடு. பிரேசில், அர்ஜென்டினா எல்லையில் இருக்கும் இகுவாசுவுக்கு ஒரே ஒரு பகல், அதுவும் பிரேசில் பக்கம் மட்டும். அந்தக் கண்டத்துக்கு அவ்வளவு தூரம் போய்விட்டு அருவியின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துத் திரும்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. நானும் மனைவியும் போனது இதே மாதிரி ஒரு குழுவோடுதான், லிமாவும் மாச்சு பிச்சுவும் இருக்கும் பெரு மட்டும் கிடையாது. அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் இகுவாசு. இதற்குத்தான் உண்மையில் குழுவும் வழிகாட்டியும் வேண்டும். இகுவாசு ஆறு பரானா ஆற்றில் கலப்பதற்குச் சுமார் 23 கிலோமீட்டர் முன்னால் அகலமாக விரிந்து, பழைய எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கரும்பாறை விளிம்பிலிருந்து, 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு 275 போலத் தனித்தனி அருவிகளாக விழுகிறது. வரத்தைப் பொறுத்து எண்ணிக்கை கூடும் குறையும். வெள்ளம் வந்தால் பல அருவிகள் ஒன்றாகச் சேர்ந்துவிடும். இதில் பெரும்பகுதி அர்ஜென்டினா மண்ணில் இருக்கிறது, அதனால் பிரேசில் கரையில் நின்றால் எதிரே மொத்தமும் விரிந்து தெரியும், அர்ஜென்டினாவுக்குப் போனால் அருவிகளுக்கு மேலேயும் கீழேயும் நடந்து பார்க்கலாம். பிரேசிலுக்கு அரை நாள் போதும். ஒரு கிலோமீட்டர் சொச்சம் நடைபாதை, கடைசியில் சாரலுக்குள் நீளும் ஒரு மேடை, அவ்வளவுதான். அர்ஜென்டினாவுக்கு முழு நாள் வேண்டும். காட்டுக்குள் போகும் சின்ன ரயில், மேல் பாதை, கீழ்ப் பாதை, அப்புறம் 'சாத்தானின் தொண்டை' என்று சொல்கிற அந்த இடம்.

அங்கே போவதற்கு ஆற்றின் மேலேயே ஒரு கிலோமீட்டருக்கு மேல் இரும்பு நடைபாலம் போட்டிருக்கிறார்கள். நடக்கும்போது கீழே தண்ணீர் அசையாமல் ஏரி மாதிரிக் கிடக்கும், நடுநடுவே தீவுத் திட்டுகள், ஆமைகள். இதிலா அருவி என்று சந்தேகம் வரும். தூரத்தில் புகை எழும்புவது தெரியும், சத்தம் கேட்கும், பாலம் முடியும் இடத்தில் திடீரென்று ஆறு காணாமல் போகும். மூன்று பக்கமும் சுமார் 80 மீட்டர் ஆழத்துக்கு விழுகிறது, அடியைப் பார்க்கவே முடியாது, வெறும் வெள்ளைப் புகை. அந்தப் புகைக்குள் கரிய குருவிகள் புகுந்து புறப்பட்டுக்கொண்டே இருக்கும். அருவிக்குப் பின்னால் உள்ள பாறையில்தான் அவை தங்குகின்றன. பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். எங்கள் குழுவில் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த ஒரு மாமா அங்கே மட்டும் வாயைத் திறக்கவில்லை, கத்திப் பயனில்லை என்று தெரிந்துகொண்டாரோ என்னவோ.

தண்ணீர் நிறம் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சுற்றுலா விளம்பரப் படத்தில் பால் மாதிரி இருக்கும். மழைக்குப் பிறகு போனால் டீ நிறத்தில் கொட்டும், ஏனென்றால் மேலே முழுக்கச் செம்மண் பூமி, காட்டை அழித்து விவசாயம் செய்யும் நிலம். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. வரத்து எவ்வளவு ஏறி இறங்கும் என்பதற்கு ஒரு கணக்கு: சாதாரணமாக விநாடிக்கு 1,500 கன மீட்டர் வரும் இடத்தில் 2023 அக்டோபர் வெள்ளத்தில் 24,000 கன மீட்டருக்கு மேல் வந்தது. அந்த இரும்பு நடைபாலத்தையும் வெள்ளம் சேதப்படுத்தியது, பழுது பார்த்துத் திறக்கப் பல மாதம் ஆயிற்று. அதனால் கிளம்பும் வாரத்தில் 'தொண்டை' திறந்திருக்கிறதா என்று நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மூடியிருந்தால் யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள்.

"குளிக்க விடுவாங்களா?" என்று எங்கள் குழுவில் ஒரு பெரியவர் குற்றால நினைப்பில் கேட்டார். விட மாட்டார்கள். ஆனால் ரப்பர் படகில் ஏற்றி அருவிக்கு அடியிலேயே கொண்டுபோய் முழுக்க நனைத்துக் கொண்டுவருவார்கள். தனிக் கட்டணம், படகு தூக்கித் தூக்கிப் போடும், அம்மாவுக்கு முதுகுவலி இருந்தால் ஏற்ற வேண்டாம். அப்புறம் கோவாட்டி. நீள மூக்கும் வளையம் போட்ட வாலுமாக, பார்க்க சாதுவாக இருக்கும் ஒரு பிராணி, கையில் பிஸ்கட் பொட்டலம் இருந்தால் பிடுங்கிவிடும், கடிக்கவும் செய்யும். நம் ஊர்க் கோயில் குரங்குகளைப் பார்த்துப் பழகியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வழிகாட்டி ஏன் வேண்டும் என்றேன் என்றால், இரண்டு பக்கமும் பார்க்க ஒரு சர்வதேச எல்லையைத் தாண்ட வேண்டும். ஆற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் பாதி பச்சை மஞ்சள், பாதி நீலம் வெள்ளை, அந்த இடத்தில் நாடு மாறுகிறது. இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு இரண்டு நாட்டு அனுமதியும் ஒழுங்காக இருக்க வேண்டும், அர்ஜென்டினா போய்விட்டு பிரேசிலுக்குத் திரும்புவதாக இருந்தால் பிரேசில் விசாவில் ஒன்றுக்கு மேற்பட்ட நுழைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மொத்தக் கூட்டத்தின் கடவுச்சீட்டையும் வாங்கிக்கொண்டு எங்கள் உள்ளூர் வழிகாட்டி வரிசையை முடித்துக் கொடுத்தார், நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை. தனியாகப் போயிருந்தால் அந்த வெயிலில் திண்டாடியிருப்போம்.

பிரேசில் பக்கம் தொப்பி போட்ட ஒருவரின் சிலை இருக்கிறது, எல்லோரும் படமெடுக்காமல் தாண்டிப் போகிறார்கள். அவர் சாந்தோஸ் டுமோன், விமானத்தின் முன்னோடி. 1916இல் இங்கே வந்தபோது அருவியை ஒட்டிய நிலம் ஒரு தனியாரின் சொத்து என்று கேள்விப்பட்டு, மாநிலத் தலைநகர் வரைக்கும் பயணம் செய்து, இதை அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தினார். அதே வருஷம் அரசு எடுத்துக்கொண்டது. தேசியப் பூங்கா ஆனது 1939இல். அர்ஜென்டினா தன் பக்கத்தை 1934லேயே பூங்கா ஆக்கிவிட்டது.

உங்கள் பட்டியலில் 'விருப்பத் தேர்வு' என்று போட்டிருக்கும் இட்டாய்ப்பு அணையை விட்டுவிடாதீர்கள். பிரேசிலும் பராகுவேயும் சேர்ந்து பரானா ஆற்றில் கட்டியது, ஒவ்வொன்றும் 700 மெகாவாட் என்று இருபது இயந்திரங்கள், மொத்தம் 14,000 மெகாவாட். பொறியியல் பெருமையை வழிகாட்டி நிறையச் சொல்வார். அவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்: இதே பரானா ஆற்றில் மேலே செச்சி கெடாஸ் என்று ஒரு அருவித் தொகுதி இருந்தது, உயரத்தில் இகுவாசுவை விடக் குறைவு, விழுந்த தண்ணீரின் அளவில் உலகத்தின் மிகப் பெரியவற்றில் ஒன்று. 1982 அக்டோபரில் அணையின் மதகை மூடினார்கள், இரண்டு வாரத்தில் நீர்த்தேக்கம் நிறைந்து மொத்த அருவியும் அடியில் போய்விட்டது. மூழ்கப்போகிறது என்று தெரிந்து அந்த வருஷம் ஜனவரியில் கூட்டம் கூட்டமாகப் பார்க்க வந்தபோது ஒரு தொங்குபாலம் அறுந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பராகுவேயின் மின்தேவையில் பெரும்பங்கை அதுதான் தருகிறது. ஆனாலும் அணை மேல் நின்றபோது அந்த நீல நீரைப் பார்த்து ரசிக்கவும் முடியவில்லை.

சரி, ரியோ. எல்லாப் பட்டியலிலும் கிறிஸ்து சிலையும் சுகர்லோஃப் மலையும் இருக்கும். சிலை 30 மீட்டர், பீடம் தனி, 1931இல் திறந்தது. சிலை நிற்கும் மலை 710 மீட்டர், பாதி நாள் மேகம் மூடியிருக்கும், மேலே ஏறிப் போய் வெறும் பஞ்சைப் பார்த்துத் திரும்பியவர்கள் உண்டு. நாளை முன்கூட்டியே முடிவு செய்யாமல், காலையில் வானத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளும் நிறுவனமா என்று கேளுங்கள். எனக்குச் சிலையை விட அதற்கு ஏறும் வழிதான் பிடித்தது. பல் சக்கர ரயில் திஜூக்கா காட்டுக்குள் ஏறுகிறது. ஆதிக்காடு மாதிரி இருக்கும், ஆனால் பெரும்பகுதி நட்டு வளர்த்தது. காப்பித் தோட்டத்துக்காக மலைச்சரிவை மொட்டையடித்ததில் ஊருக்குத் தண்ணீர் வரும் ஓடைகள் வற்ற ஆரம்பிக்க, 1861இல் மன்னர் இரண்டாம் பெத்ரோ காலத்தில் அரசே மரம் நடத் தொடங்கியது, நட்டவர்களில் அடிமைகளாக வைத்திருந்த கறுப்பின மக்களும் இருந்தார்கள். ரயில் ஜன்னலில் நான் பார்த்தது பலா மரம்! பழத்தோடு. போர்த்துக்கீசியர் நம் பக்கத்திலிருந்து கொண்டுபோனது, அந்தக் காட்டில் இப்போது தறிகெட்டுப் பெருகி, மற்ற மரங்களை வளரவிடாத அந்நிய மரம் என்று அதைக் கட்டுப்படுத்தப் பார்க்கிறார்கள். பதிலுக்கு அவர்கள் கண்டத்திலிருந்து நமக்கு வந்தவை மிளகாய், முந்திரி, கொய்யா, மரவள்ளி. வரவு நமக்குத்தான் அதிகம் என்று நினைக்கிறேன். கோபகபானா கடற்கரைச் சாலையில் போனைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள், படமெடுத்ததும் உள்ளே வைத்துவிடுங்கள்.

புவனஸ் அயர்ஸில் குழு ஒரு சுமை. இந்த ஊர் நடந்து பார்க்க வேண்டிய ஊர், பஸ் ஜன்னலில் எட்டு நிமிஷத்துக்கு ஒரு கட்டடம் காட்டுவது வீண். முதல் நாள் மட்டும் அவர்களோடு சுற்றுங்கள், மறுநாள் கழன்றுகொள்ளுங்கள். வியாழக்கிழமை மதியம் மூன்றரைக்கு மே சதுக்கம் போனால், தலையில் வெள்ளைத் துணி கட்டிய மூதாட்டிகள் சுற்றி நடப்பதைப் பார்க்கலாம். ராணுவ ஆட்சியில் காணாமல் போன பிள்ளைகளுக்காக 1977இல் தொடங்கியது, இன்னும் நடக்கிறது. நாடக அரங்கமாக இருந்து புத்தகக் கடையான எல் அத்தேனியோவில் பழைய மேடையிலேயே காப்பிக்கடை. ரெகொலேட்டா கல்லறையில் எவிட்டாவின் (அதிபர் பெரோனின் மனைவி) சமாதியைத் தேட வேண்டாம், கூட்டம் நிற்கும் சந்துதான். நகருக்கு வெளியே சான் இசித்ரோவில்தான் 1924இல் பெரு போகும் வழியில் உடம்பு சரியில்லாமல் தாகூர் தங்கினார், எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போவின் விருந்தாளியாக. எங்கள் டூர் மேனேஜருக்கு இது தெரியவில்லை, டாங்கோ இரவு உணவுக்கு டிக்கெட் விற்பதில்தான் குறியாக இருந்தார்.

சாப்பாடு. 'தினமும் இந்திய உணவு' என்பதைப் பார்த்து மயங்காதீர்கள். எங்களுக்கு அது, களைத்துப்போன மாலையில் ஊரின் மறுகோடிக்குப் பஸ்ஸில் போய் ஒரே பருப்பையும் ஒரே பனீரையும் தின்பது என்று ஆனது. பிரேசிலில் தட்டை எடை போட்டு விலை வாங்கும் உணவகங்கள் தெருவுக்குத் தெரு உண்டு, சோறு, காய்கறி, பொரித்த வாழைப்பழம் எல்லாம் நாமே எடுத்துக்கொள்ளலாம், கறுப்பு பீன்ஸில் மட்டும் இறைச்சி கிடக்கிறதா என்று கேளுங்கள். மரவள்ளி மாவில் செய்யும் சீஸ் ரொட்டி காலையில் சூடாகக் கிடைக்கும், அப்பாவுக்குப் பிடித்துவிடும். 'இறைச்சி வேண்டாம்' என்றால் மட்டும் போதாது, கோழியும் ஹாமும் அவர்கள் கணக்கில் இறைச்சியில் சேராது, ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அர்ஜென்டினாவில் சோளம் வைத்த எம்பனாடா (நம் சோமாசி மாதிரி), வெங்காய சீஸ் பீட்சா. அங்கே பிறை வடிவ ரொட்டியில் இரண்டு வகை உண்டு, 'மன்தேக்கா' என்றால் வெண்ணெய், 'கிராசா' என்றால் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு. சைவக்காரர்களுக்கு இதை எந்த மேனேஜரும் சொல்வதில்லை. இரவு உணவு ஒன்பது மணிக்கு மேல்தான், அப்பா அம்மாவுக்கு அறையில் பழம் வாங்கி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பிரேசில் போய்விட்டுத் திரும்பும்போது அந்த மஞ்சள் நிறச் சான்றிதழ் இல்லாவிட்டால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும், சென்னையில் என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். ஆனால் அறுபது வயதுக்கு மேல் இந்த ஊசியால் பக்கவிளைவு ஆபத்து சற்று அதிகம், அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே அவர்களுடைய டாக்டரைக் கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் பயணமே மாறிப்போகும்.

பெருவை இந்த முறை விட்டுவிடச் சொல்வேன். மாச்சு பிச்சுவுக்குப் போகும் வழியில் தங்கும் ஊரான குஸ்கோ 3,400 மீட்டர் உயரம், மூச்சு பழகவே இரண்டு நாள் வேண்டும், உங்கள் பட்டியலில் வந்திறங்கிய மறுநாள் காலை நாலரைக்கு எழுப்பி மாச்சு பிச்சு கூட்டிப் போகிறார்கள். அந்த நாட்களை இகுவாசுவுக்கு இரண்டு, புவனஸ் அயர்ஸுக்கு ஒன்று என்று பிரித்துக் கேட்டுப் பாருங்கள். ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் என்றால் வெயில் தாங்கும். ஜூலையில் அங்கே பள்ளி விடுமுறை, அருவிப் பாலத்தில் நகர முடியாது. இகுவாசுவிலிருந்து புவனஸ் அயர்ஸ் போகும் உள்நாட்டு விமானம் ஏரோபார்க்கேயில் இறங்குகிறதா, எசெய்சாவிலா என்றும் பாருங்கள். முன்னது ஊருக்குள், பின்னது முப்பது கிலோமீட்டருக்கு மேல் வெளியே.