பேப்பரைத் தரமாட்டேன்னு சொல்ல முடியுமா?

கேள்வி: வணக்கமுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனி வச்சிருக்கோம். என்ற தம்பி நியூஜெர்சில எங்க சரக்கை எறக்கி விக்கறான், அந்தக் கம்பெனில முழுப் பங்கும் அவனோடது. கஸ்டம்ஸ்ல விலையைக் கொறச்சுக் காட்டுனதா சந்தேகப்பட்டு கிராண்ட் ஜூரில (கேஸ் போடலாமான்னு பாக்கற பொதுமக்கள் குழுவாமுங்க) இருந்து சப்பீனா, அதாவது பேப்பரைக் குடுக்கச் சொல்ற உத்தரவு வந்திருக்கு, இன்வாய்ஸ், ஈமெயில் எல்லாம் கேக்கறாங்க. தனக்கு எதிரா தானே எதுக்கு குடுக்கோணும், மாட்டேன்னு சொல்லலாமுங்களா?

பதில்: பேச மாட்டேன்னு சொல்லலாமுங்க, கம்பெனி பேப்பரைத் தரமாட்டேன்னு சொல்ல முடியாது. தனக்கு எதிரா தானே சாட்சி சொல்ல வேண்டாம்ங்கற உரிமையைக் குடுக்கறது அமெரிக்க அரசியல் சட்டத்தோட ஐந்தாவது திருத்தம், அது மனுசனுக்குத்தான், கம்பெனிக்கு அந்த உரிமை கெடையாதுன்னு 1906லயே அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. முழுப் பங்கும் நம்முளுதாச்சே, கம்பெனி வேற நான் வேறயான்னு உங்க தம்பி கேப்பாரு. இதே மாதிரி சப்பீனா வந்த பிராஸ்வெல்ங்கற கம்பெனி முதலாளியும் சுப்ரீம் கோர்ட்ல இதையேதான் கேட்டாரு. அவரு கம்பெனில டைரக்டரா பொண்டாட்டியும் அம்மாவும் பேருக்குத்தான் இருந்தாங்க (நம்ம ஊர்லயும் பாதிக் கம்பெனி இப்படித்தானுங்களே), எல்லாம் அவரு கையிலதான். அப்படியிருந்தும் 1988ல 5 ஜட்ஜுக்கு 4 ஜட்ஜுன்னு தீர்ப்பு அவருக்கு எதிராத்தான் வந்துச்சு, கம்பெனிப் பேப்பரை நீ கம்பெனிக்காக வச்சிருக்கறே, உனக்காக இல்லைன்னு. ஆனா 'இவருதான் கொண்டாந்து குடுத்தாரு'ங்கறதை மட்டும் பின்னாடி அவருக்கு எதிரா சொல்லக் கூடாதுன்னாங்க. பேப்பர்ல எழுதியிருக்கறதை தாராளமா காட்டுவாங்க, அதை மறந்துறாதீங்க. பார்ட்னர்ஷிப்புக்கும் பெரும்பாலும் இதே கதிதான், தனி ஆள் ப்ரொப்ரைட்டர்னா மட்டும் கொஞ்சம் வழி இருக்கு.

ஜூரி முன்னாடி ஒக்கார வச்சு கேக்கறப்ப, பதில் தன்னையே குத்தத்துல மாட்டும்னா சொல்ல மாட்டேன்னு அவரு தாராளமா சொல்லலாம். வக்கீல் உள்ள வர முடியாது, வெளிய நிப்பாரு, ஒவ்வொரு கேள்விக்கும் எந்திரிச்சுப் போயி கேட்டுட்டு வரலாம். அந்த வக்கீல் கம்பெனி வக்கீலா இருக்கவே கூடாதுங்க, அவரு காப்பாத்தறது கம்பெனியை, நாளைக்கு கம்பெனி தப்பிக்கறதுக்கு உங்க தம்பியைக் காட்டிக்குடுக்கோணும்னா என்னாகும்? தனியா ஒருத்தரை உடனே வைக்கச் சொல்லுங்க, காசு பாக்காதீங்க.

இன்னிக்கே போன் போட்டு ஒரு ஈமெயிலைக் கூட அழிக்காதேன்னு சொல்லீருங்க. விலைல தப்பிருந்தா அது ஒரு கேஸ்தான், விசாரணையைத் தடுக்கோணும்னு ரெக்கார்டை அழிச்சா அதுக்குத் தனியா 20 வருசம் வரைக்கும் ஜெயில் குடுக்க சட்டம் இருக்கு. உங்க திருப்பூர் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கற இன்வாய்ஸ், வாட்ஸ்அப்புக்கும் இதே பேச்சுத்தான், அக்கவுண்ட்ஸ் பாக்கற பையன்கிட்டயும் சொல்லி வையுங்க.