டெர்மினல் குழம்பினால் எந்தக் கமாண்ட்? கேள்வி பதில்

கேள்வி: டெர்மினலில் (கமாண்ட் தட்டும் விண்டோ) ஒரு பைனரி ஃபைலை, ஃபைலைத் திரையில் காட்டும் 'கேட்' கமாண்டில் திறந்தேன். அதிலிருந்து எழுத்தெல்லாம் கோடும் கட்டமுமாக வருகிறது. விண்டோவை மூடித்தான் ஆகணுமா?

பதில்: வேண்டாம், ஓடும் வேலை போய்விடும். மதிப்பு 14 கொண்ட பைட் (ஷிஃப்ட் அவுட்) போன்ற ஏதோ ஒன்று டெர்மினலை வேறு எழுத்துத் தொகுதிக்கு மாற்றியிருக்கும். டெர்மினலைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் 'ரீசெட்' கமாண்டைத் தட்டி என்டர் அழுத்துங்கள். திரையில் கோடாகத் தெரிந்தாலும், கமாண்டை ஓட்டும் ஷெல்லுக்குச் சரியான எழுத்துதான் போகிறது.

கேள்வி: எனக்குத் தட்டுவதே தெரியவில்லை. என்டரும் எடுக்கவில்லை.

பதில்: இது வேறு கோளாறு. திரையை வரைவது டெர்மினல். விசைகளை வாங்கி ஷெல்லுக்குக் கொடுப்பது கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிடிஒய் டிரைவர். எது கெட்டது என்று முதலில் பாருங்கள், மருந்து அதைப் பொறுத்தது. பாஸ்வேர்ட் கேட்கும் புரோகிராமோ முழுத்திரை எடிட்டரோ பாதியில் செத்தால், டிரைவரின் எக்கோ (தட்டியதைக் காட்டுவது), ஐகேனான் (வரி வரியாக வாங்குவது), ஐசிஆர்என்எல் என்ற அமைப்புகள் மூன்றும் அணைந்தபடியே நிற்கலாம். என்டர் அனுப்புவது 13 என்ற பைட். அதை வரி முடிவைக் குறிக்கும் 10 ஆக்குவது ஐசிஆர்என்எல். அது அணைந்தால் வரி முடிந்ததாகவே ஷெல்லுக்குத் தெரியாது. கண்ட்ரோல்-ஜே நேரடியாக 10 அனுப்பும். ஆகவே கண்ட்ரோல்-ஜே, பிறகு டிரைவர் அமைப்பைச் சரிசெய்யும் 'எஸ்டிடிஒய் சேன்' கமாண்ட், மறுபடி கண்ட்ரோல்-ஜே. கவனம்: அரைகுறையாக ஏதாவது தட்டி வைத்திருந்தால் முதல் கண்ட்ரோல்-ஜே அதை ஓட்டிவிடும்.

கேள்வி: எதுவுமே அசையவில்லை, ஆனால் கெட்டமாதிரியும் இல்லை.

பதில்: திரையை நிறுத்திவைக்கும் கண்ட்ரோல்-எஸ் பட்டிருக்கும். தொடர, கண்ட்ரோல்-க்யூ அழுத்துங்கள்.

கேள்வி: 'டிபுட் இனிட்', 'டிபுட் ரீசெட்', 'ரீசெட்': என்ன வித்தியாசம்?

பதில்: 'டிபுட் இனிட்', டெர்மின்ஃபோவிலுள்ள (டெர்மினல் வகைகளின் விவரத் தொகுப்பு) ஐஎஸ்1, ஐஎஸ்2, ஐஎஸ்3 என்ற தொடக்கச் சரங்களை அனுப்பும். 'டிபுட் ரீசெட்' அனுப்புவது ஆர்எஸ் (மீட்புச் சரங்கள்) வரிசையை. அது இல்லாவிட்டால் ஐஎஸ் வரிசை. இந்தக் கமாண்டுகளைத் தரும் என்கர்சஸ் மென்பொருளின் 6.1-க்கு முன்பு 'டிபுட் ரீசெட்' டிரைவரைத் தொடாது, தனி 'ரீசெட்' தொடும். பழைய சர்வர்களில் தனி 'ரீசெட்'டையே நம்பலாம். அது ஒரு நொடி தாமதிப்பது வன்பொருள் டெர்மினல்களுக்காக, தொங்கிவிட்டதென்று நினைக்காதீர்கள்.

கேள்வி: எஸ்எஸ்ஹெச் வழியாக வேறொரு சர்வருக்குப் போனால் 'தெரியாத டெர்மினல்' என்கிறது.

பதில்: டெர்மினல் வகையைச் சொல்லும் உங்கள் டெர்ம் மாறியிலுள்ள பெயர் அந்த சர்வரின் டெர்மின்ஃபோவில் இல்லை. உங்கள் மெஷினில் 'இன்ஃபோகம்ப் -எக்ஸ்' தரும் டெர்மினல் விவரத்தை, எஸ்எஸ்ஹெச் மூலம் அங்கு அதைப் பதியும் 'டிக் -எக்ஸ் -' கமாண்டுக்குப் பைப் செய்யுங்கள். அவசரத்துக்கு டெர்ம் மதிப்பை எக்ஸ்டெர்ம்-256கலர் என வைத்தால் பெரும்பாலும் ஓடும்.

கேள்வி: என் ஸ்கிரிப்டே எக்கோவை அணைக்கிறது. பாதியில் நின்றால்?

பதில்: தொடக்கத்தில் 'எஸ்டிடிஒய் -ஜி' தரும் வரியை ஒரு மாறியில் வையுங்கள். எக்ஸிட் டிராப்பில் (ஸ்கிரிப்ட் முடியும்போது தானாக ஓடும் பகுதி) அதே வரியை எஸ்டிடிஒய்க்குக் கொடுங்கள். 'சேன்' பொதுவான நிலைக்குத்தான் கொண்டுபோகும். பயனர் வைத்திருந்த நிலை இதில் மட்டுமே திரும்பும். கர்சரை மறைத்திருந்தால் 'டிபுட் சிநார்ம்' கமாண்டையும் அதே டிராப்பில் சேருங்கள். கில் -9 (கட்டாயமாக உடனே நிறுத்துவது) வந்தால் டிராப் ஓடாது.