வெளிநாட்டு வேலை ஒப்பந்தம்: ஹட்டனிலிருந்து சில பதில்கள்

வெளிநாடு போகிறவர்களுக்கு ஒப்பந்தத்தை வாசித்து விளக்குவது ஹட்டனில் என் வேலை. அதற்கு முன் குவைத்தில் வீட்டு வேலையும் துபாயில் ஹோட்டல் வேலையும் பார்த்தவள். எழுதிக் கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் பதில் குட்டையாகும், கோபித்துக்கொள்ளக் கூடாது.

தலவாக்கலை: துபாய் ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவு வேலை. மாதம் 1,600 திர்ஹம் என்றார்கள். ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700, மிச்சமெல்லாம் படி என்று இருக்கிறது. மொத்தம் சரியாகத்தானே வருகிறது அக்கா, கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள் தம்பி, முதலில் கேளுங்கள். தேயிலைத் தோட்டத்தில் நாள் கூலி 1,700 ரூபாய் என்று தொடங்கிய பேச்சு 2024-இல் 1,350-இல் போய் நின்றதே, சேமலாப நிதி எந்தத் தொகைக்குக் கணக்காகிறது என்று உங்கள் அம்மாவிடம் விசாரியுங்கள். துபாயிலும் அதே வித்தைதான். ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2022 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிற் சட்டப்படி, ஒரு வருடம் முடித்தவருக்கு முதல் ஐந்து வருடங்கள் வரை வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், வேலையை முடித்து வரும்போது கிடைக்கும் சேவைக்காலப் பணமாகச் சேரும். 700 என்றால் வருடத்துக்கு 490 திர்ஹம். 1,200 என்றால் 840. மேலதிக நேரமும் அடிப்படையை வைத்தே கணக்காகும்: அதோடு 25 சதவீதம், இரவு 10 முதல் அதிகாலை 4 வரை என்றால் 50 சதவீதம். எடுக்காத விடுமுறைக்குப் பணம் தரும்போதும் அப்படியே. மாதாமாதம் வித்தியாசம் தெரியாது. கணக்கு முடிக்கும் நாளில்தான் வயிறு எரியும்.

அடுத்து அந்தப் படிகளைப் பாருங்கள். சாப்பாடு கம்பனியே போடும் என்று வாயால் சொல்லிவிட்டு, தாளில் ‘உணவுப் படி’ என்று ஒரு வரி இருந்தால், அங்கே போனதும் எது நிற்கும் என்று எழுத்தில் கேளுங்கள். தகுதிகாண் காலம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஆங்கிலமும் அரபியும் முரண்பட்டால் அரபிதான் செல்லும். ஆகவே கம்பளையிலோ அக்குறணையிலோ அரபி தெரிந்த ஒரு மௌலவியிடம் காட்டுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் எண்களையாவது படித்துக்கொள்ளுங்கள், அரை மணி நேர வேலை. ஏழு மேல்பக்கம் திறந்த கூர், எட்டு அதைக் கவிழ்த்து வைத்தது. நம் கண்ணுக்குப் பூச்சியமாகத் தெரிகிற வட்டம் அங்கே ஐந்து, பூச்சியம் வெறும் புள்ளி. ஆங்கிலத்தில் 1,200 இருக்க, அரபியில் மேலே திறந்த ஒரு கூரும் இரண்டு புள்ளியும் இருந்தால் அது 700.

மஸ்கெலியா: விசிட் விசாவில் துபாய் போய், அங்கே வேலை தேடிக்கொள்ளலாம் என்று நண்பன் சொல்கிறான்.

பதில்: தேடலாம், வேலை அனுமதி கிடைக்கும் முன் செய்யக் கூடாது. விசிட் விசாவில் வேலை செய்கிறவனுக்கு ஒப்பந்தம் இல்லை, சம்பளம் தராவிட்டால் முறையிடவும் வழியில்லை. நண்பன் போய்ச் சேர்ந்துவிட்டானா, இன்னும் இங்கேதான் இருக்கிறானா?

நானுஓயா: பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து. கடவுச்சீட்டு எடுத்த பிறகு திருத்தினால் போதுமா?

பதில்: போதாது தங்கச்சி. நம் மக்களில் பலருடைய பெயர், எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. தோட்டத்துக்குள் இருக்கும்வரை அதனால் சிரமமில்லை. ஆனால் கடவுச்சீட்டில் உள்ள பெயர்தான் விசாவுக்கும் ஒப்பந்தத்துக்கும் காப்புறுதிக்கும் போகும். நாளைக்கு ஒன்று நடந்து குடும்பம் நட்டஈடு கேட்டால், ‘இவர் வேறு, அவர் வேறு’ என்று கோப்பை மூடிவிடுவார்கள். பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவுக்குப் போய் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அவசரம் என்று ஏஜென்ட் சொன்னால், அவசரம் அவருக்கு.

கொட்டகலை: கொரியாவுக்கு அனுப்ப ஒருவர் பணம் கேட்கிறார்.

பதில்: கொரிய அரசின் தொழில் அனுமதித் திட்டத்தில் இடைத்தரகருக்கு இடமே இல்லை. கொரிய மொழிப் பரீட்சை, வயது 18 முதல் 39, எல்லாம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் வழியாக மட்டும். பணம் கொடுக்காதீர்கள்.

பண்டாரவளை: மலேசியா, சோஷியல் விசா, ரெஸ்டோரண்ட் வேலை.

பதில்: மறுபடியும் அதே விசிட் விசா, பெயர்தான் வேறு. மஸ்கெலியாவுக்குச் சொன்னதை வாசியுங்கள்.

பொகவந்தலாவை: குவைத்துக்கு வீட்டு வேலை. எந்தச் செலவும் இல்லை, போவதற்கு முன் 3 இலட்சம் கையில் தருகிறேன் என்கிறார், ஏஜென்சிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் சப் ஏஜென்ட். வாங்கலாமா?

பதில்: அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். குவைத்தில் உங்களை எடுக்கிற வீட்டுக்காரர் அங்குள்ள ஏஜென்சிக்குப் பெரிய தொகை கட்டுகிறார். அதில் ஒரு பங்கு இங்குள்ள ஏஜென்சிக்கு, அதில் ஒரு பங்கு சப் ஏஜென்டுக்கு, அதில் ஒரு பங்குதான் உங்கள் கைக்கு. ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. வேறொரு தாளில் இருக்கும். சில நேரம் எதுவும் எழுதாத வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அடி தாங்காமலோ பட்டினி தாங்காமலோ நீங்கள் திரும்பி வந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்டு அந்தத் தாள் உங்கள் லயத்து வாசலுக்கு வரும்.

இதைச் சொன்னதும் மற்றக் கேள்விகளெல்லாம் ஓரமாகிவிட்டன. நோர்வூட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதினார்: ‘அந்தக் காசில்தான் அம்மா நுண்கடன்காரர்களிடமிருந்து தப்பினார். வாங்காதே என்று சொல்ல உங்களுக்கு என்ன, சுலபம்.’

வாங்காதே என்று நான் சொல்லவில்லை சகோதரி. நாள் கூலியில் கடனை அடைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். வாங்குங்கள், வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் வேண்டாம். எழுதிய தாள் என்றால் அதைப் படம் பிடித்து வீட்டில் வையுங்கள்.

உடனே டிக்கோயாவிலிருந்து ஒருவர், பெண்களை அனுப்புவதே தவறு என்று நீளமாக எழுதினார். அண்ணா, உங்கள் வீட்டுக் கூரைத் தகரம் யார் அனுப்பிய பணத்தில் வந்தது என்று கேட்க மாட்டேன். உங்களுக்குப் பதில் அவ்வளவுதான்.

சப் ஏஜென்டாக இருந்ததாகச் சொல்லும் ஒருவர் கேட்டது கொஞ்சம் கனமானது: ‘இடையில் வந்துவிட்டால் நட்டம் எங்களுக்கு. நாங்கள் யாரிடம் வாங்குவது?’ ஐயா, நட்டம் உங்களுக்கு என்பது உண்மைதான். முதல் சில மாதங்களுக்குள் பணிப்பெண் வேலையை விட்டால், வீட்டுக்காரருக்கு ஏஜென்சி பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால்தான் அந்த மாதங்களில் அவள் அழுது தொலைபேசி எடுத்தால் ‘கொஞ்சம் பொறு’ என்கிறீர்கள். அந்தக் காலம் கழிந்த பின் தொலைபேசியையே எடுப்பதில்லை. உங்கள் வியாபாரத்தின் ஆபத்தை அவள் தலையில் ஏன் வைக்கிறீர்கள்? குவைத்தின் 2015-ஆம் ஆண்டு 68-ஆம் இலக்கச் சட்டம் வீட்டுப் பணியாளருக்கு நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு, வருடம் 30 நாள் சம்பளத்தோடு விடுமுறை, முடிவில் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்கிறது. நீங்கள் அனுப்பிய எத்தனை பேருக்கு இதைச் சொல்லி அனுப்பினீர்கள்?

அவர் திரும்ப எழுதினார்: ‘சொன்னால் யாரும் போக மாட்டார்கள்.’ இல்லை ஐயா, போவார்கள். கேள்வி கேட்டுக்கொண்டு போவார்கள், அதுதான் உங்களுக்குச் சிரமம்.

பொகவந்தலாவைத் தங்கச்சிக்கு இன்னும் ஒன்று. உங்கள் விசா 20-ஆம் இலக்கமாக இருக்கும், அது வீட்டு வேலைக்கானது. கடை, கம்பனி எல்லாம் 18. ‘பிறகு கடைக்கு மாற்றிவிடலாம்’ என்று யாராவது சொன்னால் அதை நம்பிப் புறப்படாதீர்கள். சப் ஏஜென்டுக்கு உரிமம் கிடையாது. ஏஜென்சியின் உரிம இலக்கத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லி, இந்த வேலைக்குப் பணியகத்தின் அனுமதி இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். உரிமம் இருந்தும் அனுமதி இல்லாத வேலைகள் உண்டு.

பத்தனை: பிள்ளைக்கு ஒன்றரை வயது. வீட்டு வேலைக்குப் போகலாமா?

பதில்: வீட்டு வேலைக்குப் போகும் தாய்மாருக்கு 2013-இல் குடும்பப் பின்னணி அறிக்கை வந்தபோது பிள்ளைக்கான எல்லை 5 வயது. 2022-இல் 2 வயதாகக் குறைத்தார்கள். பிள்ளைக்கு இரண்டு முடியட்டும். வயதை மாற்றி எழுதித் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்புங்கள்.

வெலிமடை: தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம், டிக்கெட் அவர்களே போடுகிறார்கள்.

பதில்: பாங்கொக்கில் இறக்கி, எல்லை தாண்டி மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடி முகாமுக்குள் அடைக்கப்பட்ட இலங்கையரை மீட்க நம் அரசு பாடுபட்டது நினைவில்லையா? போக வேண்டாம்.

லிந்துலை: விசிட் விசாவில் கட்டார்...

பதில்: இல்லை.

ராகலை: என் அக்கா குவைத்திலிருந்து வந்துவிட்டார். எட்டு மாதச் சம்பளம் பாக்கி. இனி கிடைக்குமா?

பதில்: பணியகத்தில் பதிவு செய்து போனவர் என்றால் பணியகத்தின் சமரசப் பிரிவில் முறைப்பாடு கொடுங்கள், தாமதிக்காதீர்கள். ஒப்பந்தம், கடவுச்சீட்டின் பிரதி, சம்பளம் வங்கிக்கு வந்திருந்தால் அந்தக் கணக்குக் கூற்று. கையில்தான் தந்தார்கள் என்றால், வீட்டுக்குப் பணம் அனுப்பிய ரசீதுகளை மாத வரிசையில் அடுக்குங்கள். எந்த மாதத்தோடு நின்றது என்று அவை காட்டும். எறிந்துவிட்டோம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.