மூடிய ஃபர்ம்வேரா, திறந்த ஃபர்ம்வேரா: புதிய ஹாம் எதை வாங்கலாம்?

ஹாம் (உரிமம் பெற்று, பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்) ஒருவர் முதல் ரேடியோவை வாங்கும்போது அதன் ஃபர்ம்வேர், அதாவது அதை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள், யாரும் படித்துத் திருத்தக்கூடிய திறந்த மூலமா, நிறுவனம் மட்டுமே காணும் மூடியதா என்று பார்க்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உரிமம் இப்போதுதான் கைக்கு வந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்: அவசியம் பார்க்க வேண்டும்.

நான் ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்று, காட்பாடியில் வசிப்பவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிஜிட்டல் கைரேடியோ வாங்கினேன். நிறுவனம் தந்த புதிய ஃபர்ம்வேரை ஏற்றிய நாள் முதல், பேட்டரியை மிச்சப்படுத்தும் வசதியை அணைத்து வைத்தாலும் அது அணையவில்லை. அந்த வசதியில் ரேடியோ இடையிடையே தூங்கி எழும். அதனால் அழைப்பவரின் முதல் அசை எப்போதும் விழுங்கப்பட்டு, அவர் உரிமத்தோடு வரும் அடையாளப் பெயரான அழைப்புக்குறியில் பாதியே காதில் விழுந்தது. மூன்று முறை எழுதினேன். அடுத்த பதிப்பில் சரியாகும் என்றார்கள். அந்தப் பதிப்பு வருமுன் அந்த மாடலே நின்றுபோயிற்று. பழுது எங்கே என்று பார்க்கக்கூட எனக்கு வழியில்லை என்பதுதான் இன்றுவரை ஆறாத வருத்தம்.

பிறகு, ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் வடிவமைத்து 2017-இல் வெளிவந்த மைக்ரோபிட்எக்ஸ் என்ற ரேடியோவை வாங்கினேன். 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை, ஏறத்தாழ 10 வாட்டில் இயங்கும் அதன் மூளை ஆர்டுயினோ நானோ என்ற சிறிய கணினிப் பலகை. சர்க்யூட் படம், மூலநிரல் இரண்டுமே எல்லோருக்கும் திறந்தவை. எனக்கு வலக்கை நடுங்கும். குமிழை வேகமாகத் திருப்பினால் அதிர்வெண் பெரிதாகத் தாவும்படி நிரல் எழுதப்பட்டிருந்ததால், பிடித்த நிலையம் ஒவ்வொரு முறையும் கைநழுவியது. நிரல் எழுதுவது என் தொழில் அன்று என்றாலும், ஒரு மாலை முழுதும் அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்து, தாவும் அளவைக் குறைத்து, யுஎஸ்பி கேபிள் வழியே ஏற்றினேன். மறுநாள் காலை 7 மெகாஹெர்ட்ஸில் பெங்களூரு நண்பரின் குரலை நழுவவிடாமல் நிறுத்தினேன்.

தொழிற்சாலை ரேடியோக்களை நான் தாழ்த்தவில்லை. ஏற்புத் திறனிலும் கட்டுமானத்திலும் அவற்றில் பல என் பெட்டியைவிட மேலானவை. நிரல் திறந்திருந்தால் கண்ட அலைவரிசையிலெல்லாம் ஒலிபரப்புவார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். எந்தப் பெட்டியானாலும் உரிமம் பெற்றவரே அதற்குப் பொறுப்பு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஹாம்களின் அமெச்சூர் சேவைக்குத் தரும் விளக்கத்தில் தற்பயிற்சியும் தொழில்நுட்ப ஆய்வும் இடம்பெறுகின்றன. டி-ஸ்டார், டிஎம்ஆர் போன்ற டிஜிட்டல் பேச்சு முறைகளில் நம் குரலைச் சுருக்கும் ஆம்பி முறை மூடியதாக இருக்கையில், அங்கே நாம் எதைப் பயில்வது? ஆஸ்திரேலியாவின் டேவிட் ரோவ் உருவாக்கிய கோடெக்2 என்ற குரல் சுருக்கும் முறை திறந்தது. எம்17 என்ற டிஜிட்டல் பேச்சு முறை அதைத்தான் பயன்படுத்துகிறது.

மைக்ரோபிட்எக்ஸ் வாங்கினால், வேறு ஃபர்ம்வேரை ஏற்றும் முன் அதன் அளவுத்திருத்த எண்களை (அதிர்வெண் சரியாக அமைய அந்தப் பெட்டிக்கென்று சேமித்த எண்களை) ஒரு தாளில் குறித்துப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வையுங்கள்.