ஒரு கிண்ணம் ராமெனுக்காகக் கிதகதா வரை போகலாமா?

கேள்வி: டோக்கியோவுக்குப் பக்கத்தில் கவாசாகி நகரத்தில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் ஜப்பானியர் ஒருவர், "ராமென் சாப்பிட வேண்டுமென்றால் கிதகதாவுக்குப் போ, அங்கே காலை ஏழு மணிக்கே சாப்பிடுவார்கள்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். சாற்றில் போட்டுத் தரும் அந்த நூடுல்ஸ் மேல் எனக்கும் ஆசைதான். ஆனால் ஜப்பானிய மொழி தட்டுத்தடுமாறித்தான் வரும், சின்னக் கடையில் போய் நின்று முழிக்க வேண்டியிருக்குமோ என்று தயக்கம். மனைவி சுத்த சைவம், அவளையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஊர் ஃபுகுஷிமா மாகாணத்தில் இருக்கிறது என்றதும் அம்மா போனிலேயே பதறிவிட்டார். டோக்கியோவிலேயே கிதகதா ராமென் கடைகள் இருக்கும்போது அவ்வளவு தூரம் போவது சரியா?
ஆர்.எஸ்., கவாசாகி

பதில்: போய்விட்டு வாருங்கள். ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்பும் பயணமாகப் போகாதீர்கள், ஒரு ராத்திரி அங்கே தங்குங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அம்மாவைச் சமாதானப்படுத்துவோம். ஃபுகுஷிமா பெரிய மாகாணம். அணு உலை இருப்பது கிழக்கே கடலோரத்தில், கிதகதா இருப்பது மேற்கே ஐசு பகுதியில், நடுவில் மலைகள், தூரம் நூறு கிலோமீட்டருக்கு மேல். 2011 விபத்துக்குப் பிறகு அந்த மாகாணத்து விவசாயிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2012-லிருந்து பல வருடங்கள் அங்கே விளைந்த அரிசியில் கதிரியக்கம் இருக்கிறதா என்று மூட்டை மூட்டையாகக் கருவியில் வைத்துப் பரிசோதித்துத்தான் வெளியே அனுப்பினார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், வரைபடத்தில் அந்தத் தூரத்தையும் காட்டுங்கள். ஊர்ப் பெயரைக் கேட்டே ஒதுங்கிப்போவதை அந்த மக்கள் ரொம்ப நாள் சுமந்துவிட்டார்கள், நாமும் அதைக் கூட்ட வேண்டாம்.

சரி, ராமெனுக்கு வருவோம். சப்போரோ, ஹகாதா, கிதகதா மூன்றையும் ஜப்பானின் மூன்று பெரிய ராமென் ஊர்கள் என்பார்கள். சப்போரோ பெருநகரம், ஹகாதா ஃபுகுவோகா என்ற பெருநகரத்தின் பகுதி, கிதகதாவோ சில பத்தாயிரம் பேர் வாழும் சின்ன ஊர், ஆனால் ராமென் கடைகள் நூறை ஒட்டி இருக்கின்றன. ஈதே மலையிலிருந்து வரும் நல்ல தண்ணீர், சுற்றிலும் நெல் வயல். அதனால் சாகே என்ற அரிசி மது, மிசோ என்ற சோயா விழுது, சோயா சாஸ் இவற்றைத் தயாரிப்பதுதான் பழைய காலத்திலிருந்தே ஊரின் தொழில். அவற்றைச் சேமிக்கத் தடித்த மண்சுவர் வைத்த களஞ்சியங்களைக் கட்டினார்கள். 1880-ல் ஊரில் பெரும் தீ பரவி வீடுகள் எரிந்துபோனபோது களஞ்சியங்கள் மட்டும் நின்றன, அதற்குப் பிறகு ஆளாளுக்குக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். நாற்பது வயதுக்குள் ஒரு களஞ்சியம் கட்டாதவன் ஆம்பிளையா என்று பேசும் அளவுக்குப் போனது அந்த ஆசை.

ராமென் அங்கே வந்தது 1920-களில். சீனாவின் ஜெஜியாங் பகுதியிலிருந்து வந்த பான் கின்செய் என்ற இளைஞர் தள்ளுவண்டியில் நூடுல்ஸ் விற்க ஆரம்பித்தார், அதிலிருந்து வளர்ந்ததுதான் கென்ராய்கென் என்ற கடை. அவரிடமிருந்து பரவிய கைப்பக்குவம் ஊர் முழுக்கப் போனது. 1970-களில் களஞ்சியங்களைப் படம் பிடிக்கவும் பார்க்கவும் வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கி, வந்த இடத்தில் பசிக்கு ராமென் சாப்பிட்டுவிட்டுப் போய் ஊர் ஊராகச் சொல்லித்தான் கிதகதாவின் பெயர் நாடு முழுக்கப் பரவியது.

கிண்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. நூடுல்ஸ் தட்டையாக, சுமார் நாலு மில்லிமீட்டர் அகலத்தில், சுருள் சுருளாக இருக்கும். மாவில் மற்ற ஊர்களைவிடத் தண்ணீர் அதிகம் சேர்த்துப் பிசைந்து, கொஞ்ச காலம் அப்படியே வைத்துப் பதப்படுத்துவார்கள். அதனால்தான் வழுவழுப்பும், கடித்தால் மெத்தென்று கொடுத்துத் திரும்பி எழும் தன்மையும் வருகிறது. ஹகாதா நூடுல்ஸ் மெல்லியதாக, நறுக்கென்று இருக்கும், இது அதற்கு நேரெதிர். சாறு பெரும்பாலும் சோயா சாஸ் வகை. பன்றி எலும்புச் சாறும், உலர்த்திய சின்ன மீனை ஊறவைத்து எடுத்த சாறும் கலந்தது. அந்த மீன் நம்ம ஊர் நெத்திலிக் கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் சாற்றில் கருவாட்டு வாடை தூக்கலாக வராது, அடியில் ஒரு ருசியாக மட்டும் நிற்கும். பார்க்கத் தெளிவாக, லேசாகத்தான் இருக்கும், வாயில் வைத்தால் ஆழம் தெரியும். மேலே பன்றிக் கறித் துண்டுகள், மூங்கில் குருத்து, வெங்காயத்தாள். இவ்வளவுதான்.

இந்த லேசான தன்மையால்தான் அதைக் காலையில் சாப்பிட முடிகிறது. தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட் முடித்தவர்களும் விடியற்காலையில் வயலில் இறங்கியவர்களும் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கிண்ணம் சாப்பிட்ட பழக்கம் அது என்று ஊரில் சொல்வார்கள், 'அச-ரா' (காலை ராமென்) என்று சுருக்கமாக அதற்குப் பெயரும் உண்டு. டோக்கியோ கிளைகளில் உங்களுக்குக் கிடைக்காதது இந்தக் காலைதான். அந்தக் கிளைகளைக் குறை சொல்ல மாட்டேன். பன்னாய் ஷொகுதோ என்ற பழைய கடையின் ருசியை வைத்து வளர்ந்த பன்னாய் கிளைகளில் சாறு நன்றாகவே இருக்கும், போவதற்கு முன் பழகிக்கொள்ள ஒருமுறை சாப்பிட்டும் பாருங்கள். ஆனால் காலை ஏழு மணிக்கு, பக்கத்தில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெரியவர் நாளிதழ் படித்துக்கொண்டே சாப்பிட, நீங்களும் அதே கிண்ணத்தைச் சாப்பிடுவது வேறு அனுபவம். அதற்காகத்தான் போகச் சொல்கிறேன்.

இப்போது ராத்திரி தங்கச் சொன்ன காரணம் புரிந்திருக்கும். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சன் என்ற அதிவேக ரயிலில் கோரியாமா வரை ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல், அங்கிருந்து பன்னெத்சு மேற்கு ரயில் பாதையில் ஐசு-வகாமத்சு, அதைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் கிதகதா. மொத்தமாக மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. முதல் வண்டியைப் பிடித்தாலும் ஏழு மணிக்குப் போய்ச் சேர முடியாது. முந்தின நாள் சாயங்காலமே போய்விடுங்கள், கிதகதாவிலேயே தங்கினால் ரொம்ப நல்லது. ஐசு-வகாமத்சுவில் தங்குவதாக இருந்தால் காலை ரயில் நேரத்தை ராத்திரியே பார்த்து வையுங்கள், அந்தப் பாதையில் ஒரு வண்டியை விட்டால் அடுத்தது வர ரொம்ப நேரமாகும். குளிர்காலத்தில் அங்கே பனி நிறையக் கொட்டும், நல்ல பூட்ஸ் வேண்டும்.

கடைக்குள் என்ன செய்வது என்ற பயம் உங்களுக்கு அதிகம் இருக்கிறது, தேவையே இல்லை. வாசலில் துணித் திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது. வரிசை இருந்தால் கடைசியில் நில்லுங்கள், பெயர் எழுதும் தாள் இருந்தால் எழுதுங்கள். உள்ளே போனதும் எத்தனை பேர் என்று விரலைக் காட்டினால் போதும். சில கடைகளில் காசு போட்டுச் சீட்டு எடுக்கும் மெஷின் இருக்கும், அதற்கு ஆயிரம் யென் நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள், பத்தாயிரம் யென் நோட்டை அது பெரும்பாலும் வாங்காது. கார்டு எடுக்காத கடைகளும் உண்டு. பெயர்ப் பலகையில் ராமென் என்று எழுதாமல் சூகா சோபா என்றோ வேறு பழைய பெயரிலோ இருக்கலாம், பயப்படாதீர்கள், அதுதான் இது. முதல் முறை சாதாரணக் கிண்ணத்தையே கேளுங்கள். கிண்ணம் தெரியாமல் கறியை அடுக்கித் தரும் நிகு சோபாவின் படங்களைப் பார்த்துவிட்டு எல்லாரும் அதையே கேட்கிறார்கள், காலையில் அது கனம், நூடுல்ஸின் ருசியையும் மூடிவிடும்.

கிண்ணம் வந்ததும் சாப்பிட ஆரம்பித்துவிடுங்கள், போட்டோ வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று, அதுவும் உங்கள் கிண்ணத்தை மட்டும். அந்த நூடுல்ஸ் சூட்டில் ஊறிக்கொண்டே இருக்கும், அஞ்சு நிமிஷம் போனால் அது வேறு சாப்பாடு. உறிஞ்சும் சத்தம் வந்தால் வரட்டும். மிளகுத்தூள் மேஜையில் இருக்கும், ஆனால் முதலில் சாற்றை அப்படியே ஒரு கரண்டி குடித்துப் பாருங்கள். முழுச் சாற்றையும் குடித்தே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, உப்பு அதிகம், அம்மாவுக்குத் தெரிந்தால் திட்டுவார். முடித்ததும் எழுந்துவிடுங்கள், உட்கார்ந்து பேசும் இடமல்ல அது, வெளியே ஆள் நிற்பார்கள். எழும்போது 'கொச்சிசோசமா' (சாப்பாட்டுக்கு நன்றி) என்று சமையல் பக்கம் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். டிப்ஸ் வைக்காதீர்கள்.

ஒரே ஒரு பிரபலக் கடையைக் குறி வைத்துப் போகவும் வேண்டாம். சாறு தீர்ந்தால் சின்னக் கடைகள் மதியத்துக்கு முன்பே மூடிவிடும், வார விடுமுறையும் கடைக்குக் கடை மாறும். ரெண்டு மூன்று பெயர்களைக் குறித்து வையுங்கள். ஒன்றில் கூட்டம் என்றால் அடுத்த தெருவில் பெயர் தெரியாத ஒரு கடைக்குத் தைரியமாகப் போகலாம், அந்த ஊரில் மோசமான கிண்ணம் கிடைப்பது கஷ்டம்.

உங்கள் மனைவி விஷயத்தில் மட்டும் உங்களிடம் கறாராகப் பேச வேண்டும். அந்தக் கடைகளில் அவர் சாப்பிட வழி இல்லை. கறியை எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்று கேட்டாலும் சாறு பன்றியும் மீனும்தான், உப்பு வகை, மிசோ வகை என்று எதைக் கேட்டாலும் அடிச்சாறு அதுவே. சாறே இல்லாமல் செய்து தரச் சொல்லி அந்த நெரிசலில் கடைக்காரரைச் சங்கடப்படுத்தாதீர்கள். கிண்ணம் வாங்காமல் அவரைப் பக்கத்தில் உட்கார வைப்பதும் சரியல்ல, ஒரு இருக்கை அங்கே பெரிய விஷயம். நீங்கள் சாப்பிடுவதை அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. காலையில் அவர் தூங்கட்டும், நீங்கள் மட்டும் போய் அரை மணியில் திரும்பிவிடுங்கள். அவருக்கு முந்தின நாளே பழம், பிரெட், உமெபோஷி என்ற புளிப்பு ஊறுகாய்ப் பழம் வைத்த சோற்று உருண்டை என்று ஏதாவது வாங்கி வைத்துவிடுங்கள், பாக்கெட்டில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

மீதி நாள் அவருடையதாக இருக்கட்டும். களஞ்சியத் தெருக்களில் நடக்கலாம், 1790-ல் தொடங்கிய யமதோகாவா சாகே ஆலையின் பழைய கட்டடங்களைப் பார்க்கலாம். ஐசு-வகாமத்சுவில் தோஃபு, கொன்னியாகு என்ற கிழங்குமாவுக் கட்டி, மோச்சி என்ற அரிசி உருண்டை இவற்றைக் குச்சியில் குத்தி மிசோ தடவிக் கரி அடுப்பில் சுட்டுத் தருவார்கள், அதற்கு தெங்காகு என்று பெயர். மிசோவில் மீன் சாறு சேர்த்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், மீன் குச்சியும் அதே அடுப்பில் சுடுவார்கள் என்பதையும் அவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், முடிவு அவருடையது. கடைகளில் விற்கும் கிதகதா நூடுல்ஸ் பாக்கெட்டை வீட்டுக்கு வாங்கினால், உள்ளே இருக்கும் சாறு பொட்டலத்தை நீங்கள் வைத்துக்கொண்டு, நூடுல்ஸில் முட்டை இல்லை என்று பார்த்துவிட்டு அவருக்குக் காய்கறிச் சாற்றில் செய்து கொடுங்கள். டோக்கியோ ஸ்டேஷனில் டிக்கெட் கேட்டுக்கு உள்ளேயே, கெய்யோ ஸ்ட்ரீட் பக்கம், டீஸ் தான்தான் என்று ஒரு கடை இருக்கிறது. கறி, மீன், முட்டை, பால் எதுவும் சேர்க்காமல் எள் சாற்றில் ராமென் செய்கிறார்கள். திரும்பி வரும் ராத்திரி ஷின்கான்சனை விட்டு இறங்கியதும் நேராக அங்கே போங்கள்.